அழிக்க நினைத்த பெயர் உலகைச் சுற்றியது!

செக் நாட்டின் தலைநகரம் பிராக். அங்கிருந்து வடமேற்கே ஏறக்குறைய 12 மைல் போனால் ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. பசும்புல் மூடிய சரிவு. நடுவே ஒரு சிற்றோடை. வீடு இல்லை, கடை இல்லை. இரண்டொரு கட்டடங்களின் அடித்தளக் கற்கள் மட்டும் தெரிகின்றன.

1942-ம் ஆண்டு வரை அங்கே ஒரு கிராமம் இருந்தது. பெயர், லிடிசே. ஜனத்தொகை சுமார் 500. பழைய தேவாலயம் ஒன்று, ஒரு பள்ளிக்கூடம், சில பண்ணைகள். பக்கத்தில் கிளாட்னோ என்ற தொழில் நகரம். அங்கே நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலையும் இருந்தன. லிடிசே ஆண்களில் பலர் அங்கே போய் உழைத்துத்தான் குடும்பம் நடத்தினார்கள்.

அப்போது செக் நாடு ஹிட்லரின் பிடியில் இருந்தது. அதை அடக்கி ஆண்டவன் ஹெய்ட்ரிக் என்ற நாஜி அதிகாரி. 1942 மே 27-ந் தேதி, இங்கிலாந்திலிருந்து பாரசூட்டில் வந்து இறங்கிய வீரர்கள் பிராக் நகரில் அவன் கார் மீது குண்டு வீசினார்கள். ஜூன் 4-ந் தேதி அவன் செத்தான்.

இதற்கும் லிடிசேக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை!

யாரோ ஒருவன் ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதம் போலீசார் கையில் சிக்கியது. அதிலிருந்து சந்தேகம் லிடிசே மீது திரும்பியது. அந்த ஊர்ப் பிள்ளைகள் இருவர் இங்கிலாந்தில் செக் படையில் இருந்தார்கள். சோதனை போட்டதில் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் பழி வாங்க ஒரு கிராமம் வேண்டியிருந்தது.

ஜூன் 10

அன்று ஊரைச் சுற்றி வளைத்தார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களை ஒரு பண்ணைக்குக் கொண்டு போனார்கள். வீடுகளிலிருந்து மெத்தைகளை எடுத்து வந்து சுவரில் சாய்த்தார்கள். எதற்கு? குண்டு சுவரில் பட்டுத் திரும்பி, சுடுகிறவனைத் தாக்கக் கூடாதாம்! 173 பேர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வேலைக்குப் போயிருந்தவர்களையும் பின்னால் பிடித்துச் சுட்டார்கள்.

தாய்மாரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்தார்கள். பெண்கள் ராவன்ஸ்புரூக் சிறை முகாமுக்குப் போனார்கள். 82 குழந்தைகள் போலந்தில் விஷப்புகையால் கொல்லப்பட்டார்கள்.

வீடுகளைக் கொளுத்தி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். கல்லறைகளைக்கூட விடாமல் தோண்டினார்கள். ஓடையின் போக்கையே மாற்றினார்கள். ஊர் இருந்த அடையாளமே இருக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

மற்றப் படுகொலைகளை மறைத்த நாஜிகள் இதை மட்டும் ரேடியோவில் தாங்களே சொன்னார்கள். உலகம் நடுங்கும் என்று நினைத்தார்கள். உலகம் கொதித்தது! மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஊர்களுக்கு லிடிசே என்று பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு கொடுத்தார்கள். அதற்கு முன்நின்றவர் பார்னட் ஸ்ட்ராஸ் என்ற டாக்டர்.

யுத்தம் முடிந்து 143 பெண்கள் திரும்பினார்கள். கணவன் இல்லை, வீடு இல்லை என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. குழந்தைகளில் கிடைத்தவர்கள் 17 பேர். 1947-ல் பழைய இடத்துக்கு அருகே புது ஊருக்கு அஸ்திவாரம் போட்டார்கள். பழைய ஊருக்கும் புது ஊருக்கும் நடுவே 1955-ல் ஒரு ரோஜாத் தோட்டம் திறக்கப்பட்டது.

புதிய சச்சரவு

இத்தனை காலத்துக்குப் பிறகு அந்த ஊரில் ஒரு சண்டை. படுகொலைக்குச் சில நாள் முன்பு, லிடிசேயில் தங்கியிருந்த ஒரு யூதப் பெண்ணை அதே ஊர்ப் பெண் காட்டிக் கொடுத்ததாக ஒரு சரித்திர ஆசிரியர் சொன்னார். 2019-ல் தொலைக்காட்சியில் அது வந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் கொதித்தார்கள். “இறந்தவர்களுக்கு இழுக்கா?” என்பது அவர்கள் ஆத்திரம். 2020-ல் நினைவு இல்லத்தின் தலைவி பதவி விலகினார்.

பெற்றவளைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தை நாம் குறை சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் காட்டிக் கொடுத்தது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் 82 குழந்தைகளின் உயிர் மலிவாகி விடாது. அந்த யூதப் பெண்ணும் நாஜிகளுக்குப் பயந்து வாழ்ந்தவள்தான். அவளுக்காகவும் நாலு சொட்டுக் கண்ணீர் விட அந்தப் பள்ளத்தாக்கில் இடம் இருக்கிறது.

அங்கே ஒரு சிலைக் கூட்டம் உண்டு. மாரி உகிடிலோவா என்ற சிற்பி இருபது வருஷம் பாடுபட்டுச் செய்தது. எல்லாவற்றையும் வெண்கலத்தில் வார்த்து முடிக்கும் முன்பே, 1989-ல் அவர் இறந்துவிட்டார். கணவர் அதை முடித்து வைத்தார். 42 பெண் குழந்தைகள், 40 ஆண் குழந்தைகள். எல்லோரும் ஊர் இருந்த பள்ளத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள். வருகிறவர்கள் அவர்கள் காலடியில் பொம்மைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள்.