நம்ம ஆளு, யாரோட ஆளு?

"நம்ம ஆளு நிக்கிறாரு, ஓட்டு போட்டா போதாதா? வேற இன்னா செய்யணுங்கற?"

நெட்டுக்குப்பத்தைச் சுற்றியுள்ள எண்ணூர்த் தெருக்களில் கவுன்சிலர் தேர்தல் பேச்சை எடுத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. கேட்பவர் எதிரி இல்லை. அண்ணன், சித்தப்பன், கூடப் படித்தவன். அதனால்தான் உரக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போதாது. ஓட்டு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்குப் பெயர் ஆதரவு இல்லை.

முதலில் இந்த 'நம்ம ஆளு' யார்? தனி வார்டு என்று அறிவிப்பு வந்த மறுநாள் வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் நம் ஆட்கள் நாலு பேர் கைகட்டி நிற்கிறார்கள். அந்த நாலில் ஒன்றைக் கட்சி பொறுக்குகிறது. எதைப் பார்த்து? படிப்பையா, போராட்டத்தையா, தெருவுக்காகப் போலீஸ் ஸ்டேஷன் ஏறி இறங்கியதையா? இல்லை. வாய் திறக்காது, கணக்கு கேட்காது, காண்டிராக்டரைப் பகைக்காது என்ற நம்பிக்கையைப் பார்த்து. பெண்கள் வார்டு என்றால் இன்னும் வசதி, புருஷனிடம் பேசிக்கொள்ளலாம். அப்புறம் மேளதாளத்தோடு நம் தெருவுக்கு வண்டி வருகிறது. 'இதோ உங்க ஆளு!' நாமும் மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு ஆடுகிறோம். ராயபுரம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் தாத்தன் கூலியாவது வாங்கினான். நாம் இதைச் சும்மா தூக்குகிறோம்.

தோழர்களே, இது இன்று நேற்று நடப்பதல்ல. 1932 செப்டம்பர் 24-ல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் கிடக்க, பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் தொகுதி போயிற்று, மாகாணச் சட்டசபைகளில் 148 இடம் வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதிலிருந்த இன்னொரு ஷரத்தைப் பற்றி நம் மேடைகளிலேயே பேச்சு வருவதில்லை. ஒவ்வொரு தனி இடத்துக்கும் முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நால்வரிலிருந்துதான் பொதுவாக்காளர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குப் பெயர் முதனிலைத் தேர்தல். இதற்குப் பத்தாண்டுக் கெடுவும் வைத்தார்கள். அம்பேத்கருக்கு இதில் திருப்தி இல்லை, இறுதி முடிவு மறுபடியும் சாதி இந்து கையில்தானே! 1946 தேர்தலில் அதுவே நடந்தது. முதனிலையில் நம் மக்கள் முன்னே நிறுத்தியவர்கள் இறுதிச் சுற்றில் பொதுவாக்காளர்களால் கவிழ்க்கப்பட்டார்கள். அம்பேத்கர் நிறுவிய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு அதில் நொறுங்கியது. அதன் தலைவர் 1945-ல் சென்னைக்கு மேயரான என். சிவராஜ்.

பிறகு வந்த அரசியல் சட்டத்தில் தனித்தொகுதி தங்கியது, முதனிலை தங்கவில்லை. நமக்கான நால்வரை நாமே பொறுக்கும் வேலையைக் கட்சி ஆபீஸ் எடுத்துக்கொண்டது. எந்தச் சட்டமும் அதற்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. நாம்தான் விட்டுவைத்திருக்கிறோம்.

அடுத்தவன் நமக்கு ஆள் பொறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் போதும். 1996-லிருந்து பத்தாண்டுகள், தலைவர் பதவி தலித்துக்கு என்பதால் தேர்தலையே நடக்கவிடாமல் செய்தார்கள். நடத்தித்தான் ஆக வேண்டும் என்றானபோது ஆதிக்க சாதியே ஒரு தலித்தைப் பிடித்து நிறுத்தியது, ஜெயிக்க வைத்தது, பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா எழுதி வாங்கியது. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. நகரத்தில் இருக்கிற நாம் இதைப் படித்து 'அடப்பாவிகளா' என்கிறோம். நம் கவுன்சிலர் மாமன்றத்தில் அய்ந்து வருஷம் வாய் மூடி உட்கார்ந்தால் அது என்ன? அங்கே ஒரே நாளில் எழுதி வாங்கிய ராஜினாமாவை இங்கே தவணையில் வாங்குகிறார்கள்.

நாமே நிறுத்தி நாமே ஜெயிக்க வைத்த ஆளைப் பற்றியும் பேச வேண்டும். மேலவளவு. 1996 அக்டோபரில் மனு செய்தவர்கள் மிரட்டலில் வாபஸ் வாங்கினார்கள். டிசம்பர் 28-ல் வாக்குச்சாவடியில் புகுந்து பெட்டியைப் பறித்தார்கள். 31-ந் தேதி போலீஸ் காவலில் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். தேர்தல் முடிந்ததும் பாதுகாப்பும் முடிந்தது. 1997 சூன் 30, மதுரையில் கலெக்டர் ஆபீஸ் போய்விட்டு பஸ்ஸில் திரும்பியவரை வழிமறித்துத் தலையை அறுத்தார்கள். அவரோடு சேர்த்து ஆறு பேர். அந்தச் சேரி பயந்து ஓடவில்லை, உயிரைக் கொடுத்து நின்றது. அரசாங்கம் என்ன செய்தது? வாக்கு எண்ணும் வரைக்கும்தான் காவல் என்று கணக்கு வைத்தது. அதே கணக்கை நாமும் வைத்தால்? ஜெயித்த மறுநாள்தான் நம் ஆளுக்கு நாம் அதிகமாக வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே, கும்மிடிப்பூண்டிப் பகுதியில் ஆத்துப்பாக்கம் இருக்கிறது. 2020 சுதந்திர தினத்தன்று அங்கே தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சத்தம் கிளம்பிய பிறகு கலெக்டர் வந்து ஏற்ற வைத்தார். அதே வருஷம் அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த படம் வெளியானது.

சென்னைக்கு வருவோம். 1688-ல் தொடங்கிய மாநகராட்சி. 2022 மார்ச் 4-ல்தான் முதல் தலித் பெண் மேயர் வந்தார். ஆர். பிரியா, வடசென்னைக்காரர், 28 வயது. அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலி எப்படி வந்தது? பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று அரசாணை ஒதுக்கியது. பெயரைக் கட்சித் தலைமை அறிவித்தது. மறைமுகத் தேர்தலில் போட்டியின்றி முடிந்தது. நம் தெரு இதில் எங்கே வந்தது? 200 வார்டில் ஆளுங்கட்சிக்கு மட்டும் 153, சுயேச்சைகள் 5. இந்தக் கணக்கில் ஒரு கவுன்சிலர் யாருக்குப் பயப்படுவார், யாருக்குப் பயப்பட மாட்டார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

'கவுன்சிலர் பதவியில இன்னா கீது, ரோடும் தெருவிளக்கும் தானே' என்று படித்த தம்பிகள் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களுக்கு 2023 டிசம்பரைச் சொல்கிறேன். புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்தது. நெட்டுக்குப்பத்துப் படகும் வலையும் கறுத்துப்போயின. மக்கள் கையாலேயே எண்ணெயை மொண்டு ஊற்றினார்கள். அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பத்துக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பத்துக்கு 7,500. இப்போது யோசியுங்கள். யார் 2,301-ல், யார் 6,700-ல், யார் இரண்டிலும் இல்லை? படகு வைத்திருப்பவனைப் படகே காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற இருளனை, கூடையில் மீன் வாங்கி விற்கிற கிழவியை, ஐஸ் உடைக்கிற நம் பையனை எது காட்டிக்கொடுக்கும்? பட்டியல் எழுதுகிற மேசைக்கு முன்னால் நின்று 'இந்தப் பேர் விட்டுப்போச்சு, எழுது' என்று குரல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கவுன்சிலராக இருந்தால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பான். ரோடும் தெருவிளக்குமாம்!

மீனவக் குப்பத்தில் ஊர்க்கூட்டம் கூடி ஒரு வார்த்தை முடிவு பண்ணினால் கட்சிக்காரன் ஊர்ப் பெரியவர்களைத் தேடி வருகிறான். சேரிக்கு வீட்டுக்கு வீடு கவர் போதும் என்று நினைக்கிறான். ஒரே வார்த்தையில் நிற்கும் பழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுவோம்.

நான் கேட்பது இதுதான். எந்தக் கட்சியும் பெயர் அறிவிக்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் பாய் விரித்து நம் முதனிலைத் தேர்தலை நாமே நடத்துவோம். ஆணும் பெண்ணும் சீட்டு எழுதிப் போடட்டும். வருகிற பெயரைக் கட்சி ஏற்றால் சரி, ஏற்காவிட்டால் சுயேச்சை. 2022-ல் சென்னை வார்டுக்குக் கட்டுத்தொகை நமக்கு 2,000 ரூபாய். அதை ஒரே ஆள் கட்டக் கூடாது. தலைக்கு அஞ்சும் பத்துமாகச் சேர வேண்டும். கட்டியவன்தான் நாளைக்குக் 'கணக்கு சொல்லு' என்பான். வார்டில் நாம் மட்டும் இல்லை, குப்பத்து ஓட்டும் தொழிலாளர் குடியிருப்பு ஓட்டும் இல்லாமல் ஜெயிக்க முடியாது. எண்ணெயும் சாம்பலும் சாதி பார்த்து விழவில்லை என்று அவர்கள் வாசலில் போய்ப் பேச வேண்டும். பேசுவது வேட்பாளர் மட்டும் அல்ல, நாம் எல்லோரும். ஜெயித்தால் பகுதி சபைக் கூட்டத்துக்கு நூறு பேராய்ப் போய் உட்கார வேண்டும். 2022 நவம்பரில் ஆரம்பித்த ஏற்பாடு அது. நாம் போகாத இடத்தில் காண்டிராக்டர் போய் உட்காருவான்.

'சாதி பார்த்து நிறுத்துறீங்களே' என்பார்கள். எந்த வார்டில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று கையில் தாள் வைத்துக்கொண்டு சீட்டு கொடுக்கிறவர்களே அதைச் சொல்வார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள். 'ஓட்டு பிரிஞ்சிடும், அவன் வந்துருவான்' என்பது அடுத்த மிரட்டல். நம் ஓட்டு சேர்ந்திருந்தபோது யார் வந்தார்கள், அவர்கள் வந்து நமக்கு என்ன செய்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு இப்போதே வேலை இருக்கிறது. வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். செத்தவர் பெயர் இருக்கும், இருக்கிறவர் பெயர் இருக்காது. கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர் பழைய விலாசத்திலேயே கிடக்கும். வாடகை மாறிப் போனவன் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டான். விட்டுப்போன பெயர்களைக் குறித்து, மனு எழுதி, அதிகாரியிடம் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.