ஒரே காணொளி, ஒரே நியாயமா?

‘ஐஐடி பேராசிரியரின் பாடம் அவனியாபுரத்து மாணவிக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, இதைவிட நியாயம் ஏது?’ என்று கேட்கிறார்கள். கிடைப்பது உண்மை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற காணொளிப் பாடத் திட்டம் பெரும் கொடைதான்.

ஆனால் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள் அந்த ஆங்கில வேகத்துக்கு எப்படி ஈடுகொடுப்பாள்? வகுப்பென்றால் கை தூக்கி, ‘சார், புரியலை’ என்பாள். திரையிடம் யாரைக் கேட்பாள்? சில பாடங்களுக்குத் தமிழாக்கம் வந்திருக்கிறது, வரவேற்கிறேன், எல்லாவற்றுக்கும் வரட்டும்.

பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கோ கட்டணம். மதிப்பெண்ணில் 75 சதவீதம் அந்தத் தேர்வில்தான். 2021 யுஜிசி விதிப்படி, ஒரு பருவத்தில் 40 சதவீதப் பாடங்கள்வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் இணையத்தளம் வழியே படிக்கலாம். பட்டமே இதில் தொங்குகிறது. பார்த்தவர் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். சேர்ந்த தமிழ்வழிப் பிள்ளைகளில் எத்தனை பேர் தேர்வுவரை வந்தார்கள் என்று சொல்லுங்கள்.