ஆரஞ்சு போல இருக்கும்... எலுமிச்சையாகப் புளிக்கும்!

போன வாரம் ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். "வா கண்ணு, இந்த மரத்தை நாளைக்கு வெட்டப்போறேன். அதுக்கு முன்னாடி ஒரு பழம் தின்னு பாரு" என்றார்.

ஐந்து வருடங்களுக்கு முன், பேரனுக்காக ஆசையாக நட்ட சாத்துக்குடி ஒட்டுக்கன்று அது. இப்போது கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. ஆனால், சாத்துக்குடி இல்லை. கமலா ஆரஞ்சைப் போல நிறம். தோலும் லேசாக உரிகிறது. சுளையும் ஆரஞ்சு நிறம்தான். வாயில் வைத்தால், அப்பப்பா... பல் கூசும் புளிப்பு! "நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்" என்று சித்திக்கு ஒரே கோபம்.

மரத்தடியில் குனிந்து பார்த்தேன். ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே இருந்த தண்டு எப்போதோ காய்ந்துபோயிருந்தது. அதற்குக் கீழே கிளம்பிய துளிர்தான் மரமாகியிருக்கிறது. நர்சரிக்காரர் மேல் தப்பில்லை!

பழத்தின் பெயர் ரங்பூர் எலுமிச்சை. வங்கதேசத்து ஊரின் பெயர் அது. கமலா ஆரஞ்சு இனத்துக்கும், தோல் தடித்த சிட்ரான் இனத்துக்கும் பிறந்த கலப்பினம். நம் வீட்டு எலுமிச்சைக்கும் சிட்ரான் ஒரு பெற்றோர் என்பதால், இரண்டும் ஒருவகையில் பங்காளிகள்.

இதைப் பழத்துக்காக வளர்ப்பவர்கள் குறைவு. வேருக்காகத்தான் மவுசு. வறட்சியையும் உப்புத் தண்ணீரையும் தாங்கும்; டிரிஸ்டெசா வைரஸுக்கும் ஈடுகொடுக்கும். பிரேசிலின் ஆரஞ்சுத் தோட்டங்கள் வெகுகாலம் இதன் வேரில்தான் நின்றன. ஒரே விதையிலிருந்து பல நாற்றுகள் முளைக்கும். பெரும்பாலும் தாய்ச்செடியை அப்படியே உரித்துவைத்திருக்கும். போர்வெல்லை நம்பியிருக்கும் சேலம், நாமக்கல் மண்ணுக்கு இப்படிப்பட்ட வேர் ஒரு வரம்.

ஒட்டுக்கன்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர் விட்டால், இளசாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். விட்டால், அது சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும்.

"அப்போ பேரனுக்குச் சாத்துக்குடி?" என்றார் சித்தி. வேர்தான் திடமாக இருக்கிறதே... ஒரு கிளையில் சாத்துக்குடி மொட்டை மறுபடி ஒட்டுக் கட்டலாம். மற்ற கிளைகளின் பழம் சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் ஜூஸுக்கும் ஆகும்.

அன்று மதியம் இலையில் சுடச்சுட ரங்பூர் எலுமிச்சை சாதம். அரிவாள் திண்ணையிலேயே கிடந்தது!