பட்டறைக்காரருக்கும் தொழில் தகவல் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

மதுரை வட்டாரத்தில் கப்பலூரிலோ கே.புதூரிலோ சிறு பட்டறை நடத்துபவருக்குத் தேவையான தகவலில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. இந்தியத் தரநிலைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். காப்புரிமை ஆவணங்களையும் காசில்லாமல் தேடலாம். விண்ணப்பித்து 20 ஆண்டு கடந்த காப்புரிமையின் நுட்பத்தை யாரும் எடுத்தாளலாம். இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால், பழைய தரநிலையை நம்பிச் சரக்கு செய்து, அது திரும்பி வந்த பிறகு தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனவே மதுரை வட்டார நூலகர்களான எங்கள் சங்கம் கோருவது இது: புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தொழில் தகவல் பிரிவு ஒன்றும், அதற்கென்றே பயிற்சி பெற்ற நூலகரும் வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் நூலக அலமாரிகளை அகற்றிவிட்டுத் தரவுத்தளச் சந்தாவுக்கு மாறுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. அதோடு நூலகர் பணியிடத்தையும் சேர்த்து ஒழிப்பதை எதிர்க்கிறோம். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு தரநிலையின் எண்ணைச் சட்டென்று சொல்லிவிடும். அந்த எண் இன்றும் நடப்பில் உள்ளதா, திருத்தம் வந்திருக்கிறதா என்று மூல ஆவணத்தில் சரிபார்ப்பது நூலகர் வேலை. அந்த வேலை இன்று கூடியிருக்கிறது.

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளது. ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதில் அடக்கம். பயன் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும். வரி கட்டும் பட்டறைக்கு அதில் இடமில்லை; இது நியாயமல்ல. மாவட்டப் பொது நூலகக் கணினிகளிலாவது அந்த இதழ்களைத் திறந்துவிட வேண்டும்.

சிறுதொழில்களுக்குத் தகவல் சேவை என்பது புதிய யோசனையும் அல்ல. சிறுதொழில்களுக்கான தேசிய ஆவண மையம் ஹைதராபாத்தில் 1971-லேயே தொடங்கப்பட்டது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் 2006-இல் திறந்த வணிக, அறிவுசார் சொத்துரிமை மையம் இன்று அந்நாட்டின் பல ஊர்ப் பொது நூலகங்களுக்குப் பரவியிருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அச்சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. பட்டறைக் கட்டடத்துக்கும் அந்த வரி உண்டு. அதற்குரிய சேவைதான் இன்னும் பட்டறையை எட்டவில்லை.

பொது நூலக இயக்ககம் வரும் நிதியாண்டிலேயே கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தொழில் தகவல் பிரிவைத் தொடங்க வேண்டும். தொழில்முனைவோரும் தங்களுக்கு என்ன தகவல் தேவை என்பதை எழுதி நூலகத்தில் இப்போதே கொடுங்கள்.