ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டும் விடுதிகள்

கலந்தாய்வு முடிந்த கையோடு வீடுகளில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும். பிள்ளையை எங்கே தங்க வைப்பது? பையன் என்றால் ஐந்து நிமிடத்தில் முடியும்: வாடகை எவ்வளவு, மெஸ் சாப்பாடு எப்படி, பஸ் ஸ்டாப் பக்கமா. பெண் என்றால் ஒரே கேள்விதான். "கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?" ஆறு மணி என்று பதில் வந்தால் அப்பாவின் முகம் மலர்கிறது. "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டான ஹாஸ்டலுங்க" என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். நம்மூர் விடுதிகளுக்கு அதுதான் ஐ.எஸ்.ஐ. முத்திரை.

அந்தப் பூட்டுக்குள் என்னென்ன அகப்படுகிறது என்று கொஞ்சம் கணக்குப் போடுங்கள். வகுப்பு நாலரைக்கு முடிகிறது. டீ குடித்துவிட்டு நூலகத்துக்குப் போனால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. ஆய்வகத்தில் சோதனை பாதியில் நிற்கும். நாடக ஒத்திகை, இலக்கியக் கூட்டம், மாலை நேரப் பயிற்சி எல்லாம் பையன்களுக்கு. கட்டணத்தில் மட்டும் சலுகை கிடையாது. நாலு வருஷம் இப்படி வைத்துவிட்டு, கடைசியில் "பொண்ணுங்களுக்கு எக்ஸ்போஷர் கம்மி சார்" என்று சொல்கிறவர்களும் இவர்களேதான்.

"எல்லாம் பாதுகாப்புக்குத்தானே?" என்பீர்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதிகளைப் பெண்கள் விடுதியில் திணிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன. ஏதோ போராட்டக்காரர்களின் துண்டறிக்கை என்று நினைத்துவிட வேண்டாம், அரசிதழில் வந்த விதி. எந்தக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலாவது அதை ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

பக்கத்துக் கேரளத்தில் விஷயம் நீதிமன்றம் வரை போனது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை செல்பேசி கூடாது என்றார்கள். மறுத்த மாணவியை வெளியே அனுப்பினார்கள். 2019 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. 2022-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரை மணிப் பூட்டை எதிர்த்துப் போனபோது, தொந்தரவு செய்பவர்கள் ஆண்கள் என்றால் அவர்களை அல்லவா பூட்டி வைக்க வேண்டும் என்ற பொருளில் நீதிபதி கேட்டார். அங்கே சண்டை ஒன்பதரைக்கு. நாம் ஆறு மணிக்கே நிம்மதியாகத் தூங்கப் போகிறோம்.

நிர்வாகத்துக்குப் பூட்டு ஏன் பிடிக்கிறது என்பது சுலபம். பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதிவரை விளக்குப் போட, இரவில் வண்டி விட, காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கக் காசு வேண்டும். பூட்டு மலிவு. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2014-லேயே வந்தது. பதிவு வேண்டும், உரிமம் வேண்டும். பாதுகாப்பு பாதுகாப்பு என்கிற அப்பாக்களில் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டவர் எத்தனை பேர்?

கேட்க மாட்டார்கள். அவர்களுடைய பயம் வேறு. ரவுடியை நினைத்து வருகிற பயம் பாதிகூட இல்லை. மகள் யாரோ ஒருவனோடு டீக்கடையில் நின்றுவிடுவாளோ, அவன் வேறு சாதியாக இருந்துவிடுவானோ என்பதுதான் மீதி. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். வார்டனுக்கும் தெரியும். "உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி சார்" என்று அவர் சொல்வதும் இந்தப் பயத்துக்குத்தான் பதில்.

அடுத்த வாரம் விடுதி பார்க்கப் போகிறவர்கள் மகளையும் உள்ளே கூட்டிப் போங்கள், பேசுவதை அவளிடம் விடுங்கள். உரிமத்தைக் கேளுங்கள், நூலகம் எத்தனை மணிக்கு மூடும் என்று கேளுங்கள். அப்புறம், "பையன்கள் ஹாஸ்டலை எத்தனை மணிக்குப் பூட்டுறீங்க?" என்றும் கேளுங்கள்.