ஆப் ரெடி... லைசென்ஸ் எத்தனை பேருக்கு? ஆம்பூர், வேலூர் யூனிட்டுகள் போட வேண்டிய 'லோ-கோட்' கணக்கு

அணைக்கட்டு, ஒடுகத்தூர், மாதனூர் பக்கம் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பெண்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் ஸ்டிச்சிங் லைன் அவர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் அந்த லைனில் இன்று எத்தனை ஜோடி அப்பர் முடிந்தது, எந்த லாட் தோல், எத்தனை ரிஜெக்‌ஷன் என்ற கணக்கு பல சின்ன யூனிட்டுகளில் இன்னும் சூப்பர்வைசரின் நோட்டில்தான் இருக்கிறது. சாயங்காலம் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அன்றைய ரிப்போர்ட் முடிந்தது.

இதை ஒரு ஆப் ஆக்குவது இப்போது பெரிய வேலை இல்லை. 'லோ-கோட்' தளங்கள் வந்துவிட்டன. ஆப் செய்து முடித்த பிறகு வரும் பில்தான் பலரையும் திகைக்க வைக்கிறது. அதிலும் மைக்ரோசாஃப்ட் தன் பவர் ஆப்ஸ் தளத்தில் மலிவாக இருந்த ஒரு திட்டத்தைப் புது வாடிக்கையாளர்களுக்கு விற்பதை 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. சின்ன யூனிட்டுகளுக்கு இதனால் என்ன மாறுகிறது?

லோ-கோட் என்றால் என்ன?

கோடிங் தெரிந்த ஒருவரை வைத்து அடியிலிருந்து எழுதாமல், ஃபார்ம், பட்டன், டேபிள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு ஆப் உருவாக்கும் முறை. எக்செல் ஃபார்முலா போடத் தெரிந்த அக்கவுன்டன்ட் ஒரு வாரத்தில் செலான் ஆப் செய்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸ், 2020-ல் கூகுள் வாங்கிய ஆப்ஷீட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ 2006-ல் கொண்டுவந்த கிரியேட்டர் ஆகியவை நம் ஊரில் அதிகம் காதில் விழும் பெயர்கள்.

இந்தத் தளங்கள் பெரும்பாலும் ஆபீஸை மனதில் வைத்து விலை போடுகின்றன. ஆபீஸில் ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், தினமும் எட்டு மணி நேரம். ஷூ யூனிட்டில் அப்படி இல்லை. லைன் சூப்பர்வைசர் தினமும் பத்து முறை திறப்பார். வெளியில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவர் மாதம் இரண்டு தடவை திறந்தால் அதிகம். இருவருக்கும் ஒரே விலை என்றால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

60 பேர் இருந்தால் என்ன ஆகும்?

ஒரு உதாரணம். உள்ளே 20 பேர்: சூப்பர்வைசர்கள், க்வாலிட்டி, ஸ்டோர்ஸ், ஆபீஸ். வெளியே ஜாப் ஒர்க் செய்பவர்கள் 40 பேர். ஆக மொத்தம் 60. ஆப் ஒன்றே ஒன்று. டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பவர் ஆப்ஸ் பிரீமியம் லைசென்ஸின் பட்டியல் விலை ஒருவருக்கு மாதம் 20 டாலர். எத்தனை ஆப் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 60 பேருக்கு 1,200 டாலர், அதாவது மாதம் 1,08,000 ரூபாய். (2,000 பேருக்கு மேல் வாங்கினால் 12 டாலராகக் குறையும். அது பெரிய குழுமங்களின் கதை, நமக்கு உதவாது.)

இப்போது புதியவர்களுக்கு இல்லாமல் போனது 'ஒரு ஆளுக்கு, ஒரு ஆப்புக்கு' என்ற திட்டம். முதலில் 10 டாலராக இருந்து, 2021 அக்டோபரில் 5 டாலராகக் குறைக்கப்பட்டது. அதே 60 பேருக்கு 300 டாலர், 27,000 ரூபாய். சின்ன யூனிட்டுக்குப் பொருத்தமான சட்டை அதுதான்.

மிச்சம் இருப்பது பயன்பாட்டுக்கு ஏற்ற கட்டணம். மைக்ரோசாஃப்டின் அஷூர் கணக்கு வழியாக, அந்த மாதம் ஆப்பைத் திறந்தவர்களுக்கு மட்டும் ஆளுக்கு, ஆப்புக்கு 10 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு செலானை அப்ரூவ் பண்ணத் திறந்தாலும் முழு 10 டாலர்தான். 60 பேரும் ஒரு முறையாவது திறந்துவிட்டால் 600 டாலர், அதாவது பழைய திட்டத்தைப் போல இரண்டு மடங்கு. வெளியாட்களில் 15 பேர் மட்டும் திறக்கும் மாதத்தில் 350 டாலர், 31,500 ரூபாய்.

இரண்டாவதாக ஒரு அட்டெண்டன்ஸ் ஆப் சேர்ந்தால் கணக்கு மறுபடி மாறும். இரண்டு ஆப்பையும் திறப்பவருக்கு 20 டாலர் வந்துவிடும். பிரீமியம் விலையும் அதுவே. மூன்றாவது ஆப் வந்தால் பிரீமியம்தான் லாபம். என் கணக்கில் கலந்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்: உள்ளே இருக்கும் 20 பேருக்கு பிரீமியம், வெளியாட்களுக்குப் பயன்பாட்டுக் கட்டணம். மேலே சொன்ன மாதிரி மாதத்தில் அது 550 டாலர், 49,500 ரூபாய்.

எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவு செய்த யூனிட் என்றால் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பணம் முதலில் கையை விட்டுப் போகும்.

"எங்ககிட்ட ஏற்கெனவே ஆபீஸ் 365 இருக்கே?"

நியாயமான கேள்வி. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் திட்டங்களோடு பவர் ஆப்ஸ் ஓரளவு சேர்ந்தே வருகிறது. எக்செல், ஷேர்பாயின்ட் போன்றவற்றில் டேட்டா இருக்கும் வரை தனிக் காசு இல்லை. டேட்டா எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கிறது.

எஸ்க்யூஎல் சர்வர், மைக்ரோசாஃப்டின் சொந்த டேட்டாவெர்ஸ், நாமே எழுதும் கஸ்டம் கனெக்டர் எல்லாம் பிரீமியம் வகை. ஆப்பில் ஒரே ஒரு பிரீமியம் இணைப்பு இருந்தாலும், அந்த ஆப்பைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். இந்த வகைப்பாடு நிரந்தரமும் இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் முன்பு சாதாரண வகையில்தான் இருந்தது. 2019 அக்டோபரில்தான் பிரீமியத்துக்கு மாறியது. ஆபீஸில் இருக்கும் டேலியோடு ஆப்பை நேரடியாகப் பேச வைக்க ஆசைப்படுபவர்கள் இதை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

ஒரே லாகினில் எல்லாரும் போனால்?

நம்மவர்களுக்கு உடனே தோன்றும் ஐடியா. ஒரு டேப்லெட், ஒரு லாகின், லைனில் இருக்கும் எல்லாரும் அதிலேயே பதிவு. லைசென்ஸ் விதிப்படி இது செல்லாது. பின்னால் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்களோ அத்தனை லைசென்ஸ் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட்.

விதியை விடுங்கள். யார் பதிவு செய்தார்கள் என்றே தெரியாத க்வாலிட்டி ரெக்கார்டை பையர் ஆடிட்டில் எப்படிக் காட்டுவது? ரிஜெக்‌ஷன் கணக்கில் தகராறு வந்தால், தைத்த பெண்ணின் பீஸ் கணக்கு சரியா, சூப்பர்வைசர் போட்டது சரியா என்று நிரூபிக்க வழியே இருக்காது.

ஜோஹோவும் கூகுளும் எப்படி?

ஜோஹோ கிரியேட்டரும் ஆள் கணக்கில்தான் விலை போடுகிறது. ஆனால் நிறுவன ஊழியர் அல்லாத சப்ளையர், வாடிக்கையாளர் போன்றவர்களுக்கு 'போர்ட்டல்' என்ற தனி வழி இருக்கிறது. ஜாப் ஒர்க் ஆட்களை அதில் சேர்க்க முடியுமானால் செலவு இறங்கும். கொட்டேஷன் வாங்கும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆரம்பநிலைத் திட்டத்தில் ஒரே ஒரு ஆப்புக்குத்தான் இடம் என்பதையும் மறக்கக் கூடாது.

கூகுள் ஆப்ஷீட்டை 10 பேர் வரை சோதித்துப் பார்க்க இலவசம். அதன் பிறகு ஆளுக்கு மாதம் 5 டாலரில் ஆரம்பிக்கிறது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான திட்டங்களில் ஆப்ஷீட் கோர் சேர்ந்தே வரும். ஆனால் அது உங்கள் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் இருப்பவர்களுக்கு மட்டும். சொந்த ஜிமெயிலில் உள்ளே வரும் ஜாப் ஒர்க் அண்ணனுக்குத் தனி லைசென்ஸ்.

ஆள் கணக்கே இல்லாத வழி?

உண்டு. மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் இஆர்பிநெக்ஸ்ட், ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். 60 பேரோ 600 பேரோ, லைசென்ஸ் கட்டணம் கிடையாது. சர்வர் வாடகையும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும்தான் செலவு.

அந்த 'ஒரு ஆள்'தான் பிரச்சினை. வேலூரில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக ஆப்பைச் செய்து கொடுத்த பையன் பெங்களூரு போய்விட்டால், சர்வர் பாஸ்வேர்டும் அவனோடு போய்விடும். பேக்கப், செக்யூரிட்டி அப்டேட் இரண்டுக்கும் மாதாமாதம் காசு கொடுத்து ஒருவரை வைத்திருக்க முடியும் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வரலாம்.

ஐந்து வருட ரெக்கார்ட்

இதையெல்லாம் இப்போது பேச இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டத்தில் மாட்டுத் தோலும் இருக்கிறது. மாடு வளர்க்கப்பட்ட இடம் வரை தகவல் கேட்கிறது. அந்தத் தகவலை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. பதனிட்ட தோலுக்குத்தான் இது, முடிந்த ஷூவுக்கு இல்லை. அமலுக்கு வரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்று குறிக்கப்பட்டது. தோலைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி ஐரோப்பியத் தோல் துறையே கேட்டு வருகிறது. சட்டம் எப்படிப் போனாலும், லாட் வாரியாக ரெக்கார்ட் கேட்கும் பழக்கத்தை பையர்கள் விடப் போவதில்லை.

சப்ஸ்கிரிப்ஷன் ஒரு வருடத்துக்கு. ரெக்கார்ட் ஐந்து வருடத்துக்கு. ஆர்டர் குறைந்த ஒரு வருடத்தில் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டால் பழைய டேட்டா என்ன ஆகும்? பெரும்பாலான தளங்களில் டேட்டாவை எக்செல் ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். ஆப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போக முடியாது. ஜோஹோவின் டெல்யூஜ் மொழியில் எழுதியது பவர் ஆப்ஸில் ஓடாது, அங்கே எழுதியது இங்கே ஓடாது.

ஆகவே மாதம் ஒருமுறை டேட்டாவை இறக்கி, யூனிட்டின் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதை ஸ்டோர்ஸ் ஸ்டாக் எடுப்பது போல ஒரு வேலையாக வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் பாருங்கள். தளத்தின் அட்மின் கணக்கு கம்பெனி மெயில் ஐடியில் இருக்கிறதா, அல்லது ஆப் செய்து கொடுத்தவரின் சொந்த ஐடியில் இருக்கிறதா? இரண்டாவது என்றால், ஆப்பில் முதல் செலான் ஏறுவதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.