சிப்பிகாட்டில் வண்டி நிற்கட்டும்

ஆசிரியருக்கு,

உங்கள் அந்தமான் பயணக் கட்டுரை செல்லுலார் சிறை, ராஸ் தீவு, வண்டூர் கடல் பூங்கா என்று வழக்கமான சுற்றோடு முடிந்துவிட்டது. ராஸில் எல்லோரும் படமெடுக்கும் புள்ளிமான்கள்கூட வெள்ளையர் கொண்டுவந்து விட்டவையே!

வண்டூர் சாலையிலேயே சிப்பிகாட் இருக்கிறது. 2004 நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. உழவர்களுக்குப் பேரிழப்பு. அந்தச் சதுப்பில்தான் இந்தத் தீவுகளுக்கே உரிய அந்தமான் கிளுவை என்னும் வாத்து இன்று மேய்கிறது. சுற்றுலா வண்டிகளோ நிற்பதே இல்லை. காலையில் அரைமணி நேரம் ஒதுக்கி, தொலைநோக்கியோடு இறங்கிப் பார்க்கும்படி அடுத்த கட்டுரையிலாவது எழுதுங்கள்.

– வாசகர், சிப்பிகாட்